பிறிஜெற்றும் கருவாட்டுத் தண்ணீரும்

கொட்டாஞ்சேனைக்கு வந்து பிறிஜெற் வீடு எது என்று கேட்டால், எந்தப் பிறிஜெற் என்று உங்களையே திருப்பிக் கேட்பார்கள். கீரைத் தோட்டத்துப் பிறிஜெற் என்று சொல்லிப் பாருங்கள். பேக்கரிக்காரர் முதல் திறீவீல்காரர் வரை கையை நீட்டி வழி காட்டுவார்கள். உண்மையில் வழி கேட்கவே தேவையில்லை. அந்தக் குறுகிய ஒழுங்கைக்குள் கால் வைத்ததுமே ஒரு குரல் கேட்கும். அதைப் பிடித்துக்கொண்டு நடந்தால் தோட்டத்து கேற்றடிக்குப் போய்ச் சேரலாம்.

அது சும்மா வந்த குரல் இல்லை. கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் பாதி ஆயுள் டெலிபோன் ஒப்பரேட்டராக இருந்தவள் பிறிஜெற். தமிழ், சிங்களம், இங்கிலிஷ் மூன்றையும் ஒரே மூச்சில் பேசி, துறைமுகத்தில் எவர் எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் லைனில் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள். "ஹோல்ட் பண்ணுங்க" என்று அவள் சொன்னால் பெரிய பெரிய முதலாளிமாரும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். அவளுடைய கணவர் சிறில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். "கல்யாணம் கட்டின நாள் தொட்டு நானும் ஹோல்டில தான் நிக்கிறன்" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

எல்லார் கையிலும் செல்போன் வந்தபிறகு கொம்பனிக்கு ஒப்பரேட்டர் எதற்கு? ஒரு கேக் வெட்டி, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதற்கும் அவள் கலங்கவில்லை. அவளைக் கலக்கியது வேறு.

காஸுக்கும் பெற்றோலுக்கும் நாடே வரிசையில் நின்ற அந்த வருடம். இரண்டு பேருடைய சேமிப்பும் விலைவாசியின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு மண்டபத்தில் உலர் உணவுப் பொதி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சிறிலுக்கும் சொல்லாமல் போய் நின்றாள். மேடையில் கொடுப்பவரின் பெயர் போட்ட பெரிய பனர். பொதியைக் கையில் கொடுத்தவர் கையை விடவில்லை. கமராக்காரன், "அன்ரி, பார்சலைக் கொஞ்சம் பதிச்சுப் பிடிங்க, முகம் மறையுது" என்றான். பதித்துப் பிடித்தாள். அன்று பின்னேரமே ரொறன்ரோவிலிருந்து தங்கை முறையான சுரேகா கோல் எடுத்தாள். "அக்கா, உங்களை ஃபேஸ்புக்கில கண்டனான்... ஒண்டும் பிரச்சினை இல்லைத்தானே?"

அந்த அரிசியைத்தான் இரவு சமைத்தார்கள். பிறிஜெற் ஒவ்வொரு வாயையும் விழுங்கினாள், பசி இருந்ததே, விழுங்காமல் என்ன செய்வது. வெட்கம் இரண்டு நாளில் போய்விட்டது. கோபம் மட்டும் குடியிருக்க வந்ததைப் போல் தங்கிவிட்டது.

கோபம் வந்தால் பிறிஜெற் டெலிபோனைத்தான் எடுப்பாள். ஒழுங்கையின் கடைசியில் இடிந்து விழுந்த பழைய களஞ்சியம் ஒன்று, உடைந்த போத்தலும் பற்றையுமாகக் கிடந்தது. புறக்கோட்டையில் அரிசி மொத்த வியாபாரம் செய்யும் சாத்தப்பன் முதலாளியின் குடும்பச் சொத்து. நம்பரைத் தேடிப் பிடித்தாள்.

"முதலாளி, கொட்டாஞ்சேனையில இருந்து பிறிஜெற் கதைக்கிறன்."

குரலின் கம்பீரத்தைக் கேட்டு ஏதோ அரசாங்க அதிகாரி என்று அவர் பயந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும்தான் மூச்சு வந்தது. "கீரை நடவா? தாராளமா நடுங்கம்மா. சுவர் மட்டும் எழுப்பிடாதீங்க."

அப்படித்தான் தோட்டம் தொடங்கியது. சம்பளம் வாங்குகிறவர் ஒருவரும் இல்லை, எல்லாரும் தொண்டர்கள்தான். சிறில் கல் பொறுக்கினார். ஹார்ட்வெயார் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டிலிருந்த மக்கீன் நானா மண்வெட்டியோடு வந்தார். பக்கத்து வீட்டு மாக்ரெட் வாயோடும் வந்தாள், வேலைக்கும் வந்தாள். வங்கியில் வேலை செய்யும் லக்ஷ்மிப்பிரியா வெள்ளவத்தையிலிருந்து ஸ்கூட்டியில் விதைகளோடு வந்து சேர்ந்தாள். பசளி, கங்குன், பொன்னாங்காணி, வெண்டி, பயற்றங்காய் என்று பாத்தி பாத்தியாக வளர்ந்தன. சனிக்கிழமை காலையில் பறித்துப் பை பையாகக் கட்டி, தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள்.

இதில் பிறிஜெற் ஒரு சட்டம் போட்டாள். "வெறுங்கையோட வரப்படாது. வெறுங்கையோட போகப்படாது." இரண்டே வசனம். விதை உள்ளவர் விதை கொண்டுவரலாம், உடம்பில் தெம்புள்ளவர் வேலை செய்யலாம். ஒன்றும் இல்லாதவர் வீட்டில் அரிசி கழுவின தண்ணீரை, மீன் கழுவின தண்ணீரை ஒரு வாளியில் கொண்டுவந்தால் போதும். அந்தத் தண்ணீர் கீரைக்கு அமிர்தம் அல்லவா? கேற்றடியில் ஒரு நீலப் பரல், பெரிய பிளாஸ்டிக் பீப்பாய், வைத்திருந்தார்கள். காலையில் வேலைக்குப் போகிறவர், பிள்ளையைப் பள்ளிக்கூடம் விடப் போகிறவர் எல்லாரும் வாளியைப் பரலுக்குள் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். சனிக்கிழமை வந்தால் எல்லாருக்கும் ஒரே மாதிரி மாச் சாக்குத் துணிப்பை. லக்ஷ்மிப்பிரியாவும் ஒன்று எடுக்கத்தான் வேண்டும், மக்கீன் நானாவும் எடுக்கத்தான் வேண்டும். ஆகவே பையோடு ஒழுங்கையில் நடந்து போகிறவரைப் பார்த்து, இவர் இல்லாதவர், இவர் இருப்பவர் என்று ஒரு குருவியாலும் சொல்ல முடியாது. போட்டோ எடுக்க யாராவது போனைத் தூக்கினால் பிறிஜெற்றின் குரல் தூக்கியவரின் காதைப் பதம் பார்க்கும்.

தன் சட்டத்தில் பிறிஜெற்றுக்கு அவ்வளவு பெருமை. அதில் ஓட்டை இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

ஒரு நாளும் தவறாமல் வாளி கொண்டுவந்தவள் ஆறாயி. ஒழுங்கைக்குப் பின்னால், ஒற்றை அறை வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடக்கும் முடுக்கில் தனியாக இருந்தாள். அட்டன் பக்கத்திலிருந்து சின்ன வயதில் கொழும்புக்கு வந்து, ஆபீஸ் ஆபீஸாகக் கூட்டித் துடைத்துத் தோள்மூட்டு தேய்ந்துபோன மனுஷி. வாளியைப் பரலின் உயரத்துக்குத் தூக்க அவளால் ஏலாது. தூக்கித் தருகிறேன் என்று யாராவது கை வைத்தால் விடவும் மாட்டாள். நேராக நடந்து போய், பின்சுவர் மூலையில் இருந்த பொன்னாங்காணிப் பாத்தியில் தானே ஊற்றுவாள்.

"ஆறாயி அக்காட தண்ணியைப் பாருங்க, கண்ணாடி மாதிரி" என்று சிறில் பகிடி விடுவார்.

"வடிச்சுக் கொண்டாறேங்கய்யா. தூசி இருந்தா கீரைக்கு ஆகாதில்லீங்களா?"

"இண்டைக்கு என்ன கறி, அக்கா?" என்று பிறிஜெற் கேட்பாள். கொழும்பில் காலை வணக்கத்துக்குப் பதில் நாங்கள் கேட்பது இதைத்தானே.

"கருவாட்டுக் குழம்புதாங்கம்மா." எந்த நாளும் அதே பதில்தான். மனுஷிக்குக் கருவாட்டில் அப்படி ஒரு பிரியம் போலிருக்கிறது என்று பிறிஜெற் நினைத்துக்கொண்டாள்.

இந்த வருடம் பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. மழை என்பது மருந்துக்கும் இல்லை. கத்தோலிக்க வீடுகளில் தவக்காலம், முஸ்லிம் வீடுகளில் நோன்பு. மக்கீன் நானா நோன்போடும் வந்து மண்ணைக் கொத்தினார். "தண்ணி குடிக்கேலாட்டியும் தண்ணி ஊத்தேலும் தானே" என்பார். தோட்டம் பரல் தண்ணீரை நம்பித்தான் உயிரோடு இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் பாத்திகள் மஞ்சளாகத் தொடங்கின.

முதலில் கங்குன் இலையின் ஓரம் தீய்ந்தது. பிறகு பசளி சுருண்டது. லக்ஷ்மிப்பிரியா இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அன்ரி, ஏதோ நோய் போல கிடக்கு. கொஞ்ச நாளைக்குத் தண்ணியைக் குறைச்சுப் பாப்பமா?"

"என்ன பிள்ளை கதைக்கிறீர்? இந்த வெயிலுக்குத் தண்ணியைக் குறைக்கிறதா? காணாமல் தான் வாடுது. ஒவ்வொரு வீடும் ரெண்டு வாளி கொண்டு வரட்டும்!" பிறிஜெற் ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி கட்டளை போட்டாள். ஒழுங்கையும் கீழ்ப்படிந்தது. வாளிகள் இரட்டிப்பாயின. கீரை இரட்டிப்பு வேகத்தில் செத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பாத்தியில் மண்ணுக்கு மேல் வெள்ளையாகப் பூத்திருந்ததைப் பிறிஜெற் கண்டாள். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். தூ என்று துப்பிவிட்டுப் பரலுக்கு ஓடினாள். அதற்குள் விரலை விட்டு ருசி பார்த்தாள். உப்பு! சாதாரண உப்பா? கருவாட்டு உப்பு. இத்தனை நாளும் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு இறைத்தது இதைத்தான்.

"ஐயோ ஆண்டவரே!" குரல் கிளம்பியது. "கருவாட்டுத் தண்ணியை ஊத்தித் தோட்டத்தையே சாகடிச்சுப் போட்டாங்கள்! ஆர் ஊத்தினது?"

"ஆர் எண்டு கேக்கவும் வேணுமே?" மாக்ரெட் உதட்டைச் சுழித்தாள்.

அந்த நேரம் நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கலாம். பிறிஜெற்றுக்கு அந்தப் பழக்கம் இல்லை. "எந்த நாளும் கருவாடு திண்ணுறது ஆறாயி அக்கா ஒராள் தானே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அந்த மனுஷி?"

சொல்லி வாயை மூடவில்லை, சிறில் அவள் முழங்கையைப் பிடித்தார். கேற்றடியில் ஆறாயி நின்றாள். மஞ்சள் வாளி கையில், தண்ணீர் தளும்பாமல்.

"நானா இருந்தா மன்னிச்சுக்கங்கம்மா" என்றாள். அவ்வளவுதான். நிரம்பிய வாளியைக் கீழே வைக்கவும் இல்லை, ஊற்றவும் இல்லை. அப்படியே தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். பிறிஜெற்றுக்குக் கூப்பிட வாய் வரவில்லை. வாழ்நாளில் அவளுக்கு வாய் வராமல் போனது அன்றைக்குத்தான்.

பத்து மணிபோல வீட்டுக்குப் போய்ச் சமையலுக்கு நின்றாள். மனம் சமையலில் இல்லை. கை மட்டும் பழக்கத்தில் வேலை செய்தது. தவக்கால வெள்ளி, இறைச்சி கிடையாது. மீன் விலை கேட்டால் மயக்கம் வரும். கட்டாக் கருவாட்டை வெட்டிச் சட்டியில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கசக்கி, முதல் தண்ணீரை வாளியில் ஊற்றினாள். இரண்டாம் முறை கசக்கி, அதையும் வாளியில் ஊற்றினாள். மூன்றாம் முறை ஊற்றும்போதுதான் அவளுடைய கண் அவளுடைய வாளியைப் பார்த்தது.

"சிறில்!"

அவர் வந்து எட்டிப் பார்த்தார். வாளியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். சிரிக்கக் கூடாது என்று தெரிந்தும் மீசை துடித்தது. "தோட்டத்தைச் சாகடிச்ச ஆளைப் பிடிச்சிட்டீங்க போல."

பிறிஜெற் கருவாட்டை அப்படியே போட்டுவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கைக்கு இறங்கினாள். வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். எதிரே பீற்றர் வீட்டில் கருவாடு. அடுத்த வீட்டில் கருவாடு. மாசிக் கருவாடு போட்ட சம்பலும் கருவாட்டுத் தீயலுமாக ஒழுங்கையே தவம் பிடித்துக்கொண்டிருந்தது. இறைச்சியை விட்ட வீடுகள் எல்லாம் கருவாட்டைப் பிடித்து, கழுவிக் கழுவிப் பரலில் ஊற்றியிருக்கின்றன.

"என்ட வீட்டில நெத்தலி மட்டும் தான்" என்றாள் மாக்ரெட்.

"நெத்தலியை என்ன சீனியில போட்டா காய வைக்கிறவங்க?"

மக்கீன் நானா தன் வாசலில் நின்றபடி கையை விரித்தார். "எங்கட வூட்டுத் தண்ணி கஞ்சிக்கு அரிசி கழுவின தண்ணி, தங்கச்சி. பாவத்துல எங்களுக்குப் பங்கில்ல."

ஒழுங்கை நடுவில் நின்று பிறிஜெற் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "பிழை என்ட. ரெண்டு வாளி கொண்டு வரச் சொன்னதும் நான், கருவாட்டுத் தண்ணியை ஊத்தினதும் நான், பரல் பக்கமே போகாத, ஒரு பாவமும் அறியாத மனுஷியைச் சொன்னதும் நான். இனி பரலுக்குள்ள ஒருத்தரும் ஒண்டும் ஊத்த வேண்டாம்." முடுக்கு வரைக்கும் கேட்டிருக்கும் என்று நினைத்தாள். கேட்டதோ இல்லையோ, அடுத்த நாள் சனிக்கிழமை ஆறாயி வரவில்லை.

பறிக்க இருந்தது கொஞ்சம்தான், மரவள்ளிக் கிழங்கும் வெண்டியும் சேர்த்து ஒப்பேற்றினார்கள். எல்லாரும் தங்கள் பையை எடுத்துக்கொண்டு போனபின் ஒரு பை மட்டும் ஆணியில் தொங்கியது. பிறிஜெற் அதைக் கழற்றினாள்.

"எங்க கொண்டு போறீங்க?" என்றார் சிறில்.

"ஆறாயி அக்கா வீட்ட. மன்னிப்பும் கேட்டு, பையையும் குடுத்திட்டு வாறன்."

"மன்னிப்பைக் கொண்டு போங்க. பையைக் கொண்டு போனா அது பார்சல்."

கணவர்மார் எப்போதாவது ஒரு தரம்தான் சரியாகச் சொல்வார்கள். சொன்னால் நெஞ்சில் தைக்கும்படி சொல்வார்கள். பிறிஜெற் பையைத் திரும்ப ஆணியில் மாட்டினாள். ஆறாயி தானாக வரவேண்டும். கையில் ஒன்றோடு வந்து, கையில் ஒன்றோடு போகவேண்டும். இல்லாவிட்டால் இந்தத் தோட்டத்துக்கும் அந்த மண்டபத்துக்கும் என்ன வித்தியாசம், ஒரு பனர் மட்டும்தான் குறைவு. ஆனால் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி எந்த முகத்தோடு கேட்பது? தண்ணீருக்காகத்தானே ஏச்சு வாங்கினாள் மனுஷி.

யோசித்தபடி செத்த பாத்திகளுக்கு நடுவே நடந்தாள். கங்குன் போயிற்று. பசளி போயிற்று. பயற்றங்கொடி காய்ந்து கம்பில் தொங்கியது. பின்சுவர் மூலைக்கு வந்தவள் நின்றுவிட்டாள்.

பொன்னாங்காணி பச்சைப் பசேல் என்று நின்றது. ஒரு இலைகூட மஞ்சள் இல்லை. ஆறாயி ஊற்றும் பாத்தி.

முதலில் சந்தோஷம்தான் வந்தது. ஒரு பாத்தியாவது மிஞ்சிற்றே! பிறகு மெல்ல மெல்ல மண்டைக்குள் ஒன்று ஊரத் தொடங்கியது. எந்த நாளும் கருவாடு கழுவுகிறவள் ஊற்றிய பாத்தி முதலில் அல்லவா சாகவேண்டும்? மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பில்லை. முகர்ந்து பார்த்தாள். மீன் மணம் இல்லை. அரிசி கழுவின தண்ணீர் காய்ந்த வெள்ளைப் படலம் இல்லை, ஒரு வெங்காயத் தோல்கூட இல்லை. கண்ணாடி மாதிரித் தண்ணீர் என்று சிறில் சொல்வாரே. வடிச்சுக் கொண்டாறேங்கய்யா.

எதை வடிப்பது? அது முடுக்குப் பொதுப் பைப்பில் பிடித்த தண்ணீர். கழுவுவதற்கு வீட்டில் ஏதாவது இருந்தால்தானே கழுவின தண்ணீர் இருக்கும்!

பிறிஜெற் அந்தப் பாத்தி ஓரத்திலேயே மண்ணில் இருந்துவிட்டாள். சனிக்கிழமைப் பை ஞாயிறு திங்களோடு முடிந்திருக்கும். மற்ற நாளெல்லாம் பாண் துண்டும் பாலில்லாத ப்ளேன்ரீயும். கருவாட்டுக் குழம்புதாங்கம்மா, கருவாட்டுக் குழம்புதாங்கம்மா என்று எத்தனை காலைகள்! வெறுங்கையோடு வரக்கூடாது என்று பெரிய சட்டம் போட்டாளே, அந்தச் சட்டத்துக்காகத் தேய்ந்த தோளோடு விடியற்காலையில் பைப்படியில் நின்று வாளியை நிரப்பி, அதற்கு ஒரு பொய்யையும் சேர்த்துச் சுமந்து வந்திருக்கிறாள். அழுகை வந்தது. அழுதாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தாள். மக்கீன் நானா பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பி, கொத்தின மண்ணையே மறுபடி கொத்திக்கொண்டிருந்தார்.

ஆனால் பிறிஜெற் நெடுநேரம் அழுகிற ஆள் இல்லை. எழும்பிச் சேலையைத் தட்டினாள். "நானா, உப்பு ஏறின மண்ணுக்கு என்ன செய்யிறது?"

"வேறென்ன, நல்ல தண்ணி ஊத்திக் கழுவித்தான் எடுக்கோணும். உப்பு கீழ எறங்குற வரைக்கும். அள்ளி அள்ளி ஊத்தோணும், தங்கச்சி."

"அது போதும்" என்றாள் பிறிஜெற். ஒரு வெறும் வாளியை எடுத்துக்கொண்டு முடுக்குக்கு நடந்தாள்.

ஆறாயி கதவைப் பாதி திறந்து நின்றாள். உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பு பளபளவென்று துடைத்து வைத்திருந்தது. அதில் அண்மையில் எதுவும் கொதித்த அடையாளம் இல்லை. பிறிஜெற் அந்தப் பக்கம் பார்வையைப் போகவிடவில்லை.

"அக்கா, கருவாட்டுத் தண்ணி உங்கட இல்ல. எங்கட. முக்கியமா என்ட. எனக்கு வாய்க்கொழுப்பு, என்னை மன்னியுங்க."

"விடுங்கம்மா. பெரிய பேச்சு எதுக்கு."

"பேச்சு முடிஞ்சுது. இப்ப உதவி கேட்டு வந்திருக்கிறன். பாத்தி எல்லாம் உப்பு. நல்ல தண்ணியால கழுவ வேணும். எங்கட வாளி முழுக்க மீன் மணம். உங்கட தண்ணி ஊத்தின பாத்தி மட்டும் தான் உயிரோட நிக்குது. உங்களிட்டக் கேக்காமல் நான் வேற ஆரிட்டக் கேக்கிறது?"

ஆறாயி அவளையே பார்த்தாள். இவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது. "அம்மா, நான் வடிச்சேன்னு சொன்னது..."

"என்னண்டு வடிக்கிறீங்க எண்டு நான் கேக்கேல்ல அக்கா. கொண்டு வாங்க எண்டு தான் கேக்கிறன்."

ஆறாயி உள்ளே போய் மஞ்சள் வாளியை எடுத்து வந்தாள். பிறிஜெற் கையிலிருந்த வாளியையும் வாங்கி முகர்ந்து பார்த்தாள். "இதுவும் நாறுதுங்கம்மா. சாம்பல் போட்டுத் தேய்ச்சுத்தான் தண்ணி புடிக்கணும்" என்றாள். பைப்படியில் குந்தி இரண்டையும் தேய்த்தாள்.

அன்றிலிருந்து ஒழுங்கை முழுவதும் பைப்படியில் நின்றது. மாக்ரெட் வாளி கொண்டுவந்தால் ஆறாயி முகர்ந்து பார்ப்பாள், மணந்தால் தேய்க்கச் சொல்லித் திருப்பி அனுப்புவாள். மாக்ரெட் முணுமுணுத்துக்கொண்டே தேய்ப்பாள். அலுவல் முடிந்து வந்த லக்ஷ்மிப்பிரியாவும் வங்கிச் சேலையோடு வாளி சுமந்தாள். ஆணியில் தொங்கிய பையை ஆறாயி அடுத்த நாளே தன் கையால் கழற்றிக்கொண்டு போனாள். உயிர்த்த ஞாயிறு நெருங்கவும் சித்திரை மழை தானும் வந்து கைகொடுத்தது. பின்னேரத்தில் இடித்து முழக்கிக் கொட்டிய மழையைப் பார்த்து, "இப்ப வாறார் பெரிய தொண்டர், எல்லா வேலையும் முடிஞ்ச பிறகு" என்று பிறிஜெற் ஏசினாள்.

மண் கழுவியாயிற்று. ஆனால் முடுக்கில் அந்தத் துடைத்த அடுப்பு அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. தண்ணீர் சுமந்ததற்காக ஒரு தட்டுச் சோற்றை ஆறாயி வீட்டுக்கு அனுப்பினால் அதுவும் பார்சல்தான். அப்படியென்றால் அடுப்புத்தான் வெளியே வரவேண்டும். பிறிஜெற் டெலிபோனை எடுத்தாள்.

"முதலாளி, பிறிஜெற் கதைக்கிறன்."

"சுவர் எழுப்பப் போறீங்களாம்மா?"

"இல்லை. அடுப்பு. தோட்டத்தில வேலை செய்யிறவங்களுக்கு மத்தியானத்தில பசிக்குது. ஒவ்வொரு நாளும் ஒரு பானை கஞ்சி. கீரை எங்கட, விறகு எங்கட. அரிசி உங்கட."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சுக் கேட்டது. "உங்ககிட்ட மாட்டேன்னு சொல்லத் தைரியம் இருக்கிறவன் கொழும்புல இல்லம்மா. லொறியில அனுப்புறேன்."

பானைக்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. "நோம்புக் கஞ்சி காச்சின பானை எங்கட வூட்டுல சும்மா தான் இரிக்கி. அடுத்த நோம்பு வரைக்கும் வெச்சுக்கோங்க" என்று மக்கீன் நானா தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று கல் வைத்தார்கள். கேற்றைத் திறந்து வைத்தார்கள். தோட்டத்துக்கு வாளியோடு வருகிறவர், மண்வெட்டியோடு வருகிறவர், கையில் ஒரு கட்டு விறகோடு வருகிறவர், எவரானாலும் ஒரே மாதிரிக் கோப்பை.

முதல் நாள், அரிசி மூட்டையைப் பிரித்துவிட்டுப் பிறிஜெற் சுற்றிப் பார்த்துக் கட்டளை போட்டாள். "சிறில் விறகு. மாக்ரெட் தேங்காய். பொன்னாங்காணி நான் ஆயிறன். ஆறாயி அக்கா, அரிசி கழுவுறது நீங்க."

ஆறாயி பெரிய சட்டியில் அரிசியைக் கொட்டித் தண்ணீர் விட்டாள். இரண்டு கையையும் உள்ளே விட்டு அளைந்தாள். அவசரமே படவில்லை. ஒரு தரம் கழுவி வடித்தாள், இன்னொரு தரம் கழுவி வடித்தாள். வடித்த தண்ணீரை மஞ்சள் வாளியில் நிரப்பிக்கொண்டு, வழக்கம்போல ஒருவரையும் தூக்க விடாமல், பின்சுவர் மூலையை நோக்கி நடந்தாள்.

விறகோடு எதிரே வந்த சிறில் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். மனுஷனுக்கு ஒன்றும் தெரியாது. பிறிஜெற் அவரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. வழக்கமான பகிடியைத்தான் எடுத்தார். "என்ன அக்கா, உங்கட தண்ணி எந்த நாளும் கண்ணாடி மாதிரி இருக்கும். இண்டைக்கு வடிக்க மறந்திட்டீங்களா, பால் மாதிரி வெள்ளையாக் கிடக்கு?"

கீரை ஆய்ந்துகொண்டிருந்த பிறிஜெற்றின் கை நின்றது.

ஆறாயி வாளியைப் பாத்தியோரத்தில் வைத்து நிமிர்ந்தாள்.

"அரிசி கழுவின தண்ணிங்கய்யா" என்றாள், தோட்டம் முழுக்கக் கேட்கும்படி.